நாலே முக்கால் ஏழரை ஆன இரவு

ரூபாய் கடந்து வந்த பாதை: பகுதி 12

1958 பிப்ரவரியில் முந்திரா விவகாரத்தால் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டு விலகியதோடு சென்ற வாரப் பகுதி முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் சேர்ந்த ஸ்டெர்லிங் இருப்பு அதற்குள் கரைந்துவிட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணக்கார நாடுகள் கூடி, இந்தியாவுக்குக் கடன் கொடுக்க ஓர் உதவிக் குழுவை அமைத்தன. இவ்வளவு நடந்தும் ரூபாயின் வெளிநாட்டு விலை மட்டும் அசையவில்லை.

டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. பவுண்டுக்கு 13 ரூபாய் 33 காசு.

இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1927இல் வெள்ளைக்கார அரசு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று சட்டம் போட்டது. பழைய கணக்கில் பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 தம்பிடி. 1931இல் பவுண்டு தங்கத்தோடு இருந்த பிணைப்பை அறுத்துக்கொண்டது. ரூபாயும் அதன் பின்னால் போயிற்று. போர் வந்தது, சுதந்திரம் வந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டு டாலருக்கு எதிராகச் சரிந்தபோது ரூபாயும் அதே அளவு சரிந்து, 3.30 என்றிருந்த டாலர் 4.76 ஆனது. பின்பு அணா போய் நயா பைசா வந்தது. அப்போதும் பவுண்டின் விலை அதேதான்.

1927இல் மயிலாப்பூரில் தொழில் தொடங்கி லண்டனிலிருந்து சட்டப் புத்தகம் தருவித்த ஒரு வக்கீலின் பேரன் 1965இல் அதே லண்டனுக்குப் படிக்கப் போயிருந்தால், தாத்தா கொடுத்த விலைக்கேதான் பவுண்டு வாங்கியிருப்பான். முப்பத்தெட்டு ஆண்டு மாறாத ஒன்றை யாரும் விலை என்று நினைப்பதில்லை. மைலுக்கு எட்டு பர்லாங் என்பதுபோல, அது ஓர் அளவு என்றே மனத்தில் பதிந்துவிடுகிறது. இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தவர்கள், வெளிநாட்டில் கடன் வாங்கியவர்கள், பத்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் அந்த அளவை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள்.

நம்பிக்கை வீணாக ஒரே ஓர் இரவு போதுமானதாக இருந்தது.

*

சோப்பு ஏஜென்ட்

1963 ஆகஸ்ட் கடைசியில் டி.டி.கே. மறுபடி நிதியமைச்சர் ஆனார். ராயப்பேட்டையிலிருந்து ஆழ்வார்பேட்டை வழியாகப் போகும் பழைய மௌப்ரேஸ் சாலைக்கு இன்று அவர் பெயர். மார்கழியில் நாம் கச்சேரி கேட்கப் போகும் மியூசிக் அகாடமி அரங்கத்துக்கும் அவர் பெயர்தான். 1957 தேர்தலில் தென்சென்னை மக்கள் மக்களவைக்கு அனுப்பியதும் அவரைத்தான்.

வெளிநாட்டு வணிகத்தை அவர் கற்றது புத்தகத்திலிருந்து அல்ல. 1928இல் லீவர் கம்பெனியின் சோப்புகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் ஏஜென்சியோடு சென்னையில் தொழிலைத் தொடங்கியவர். இறக்குமதிச் சரக்கை விற்றுத்தான் அந்த நிறுவனம் வளர்ந்தது. பிறகு அரசியலுக்குப் போனார். 1952இல் மத்திய வணிக அமைச்சர் ஆனார். செலாவணியைக் காப்பாற்ற அவர் இறக்குமதியை நெருக்கியபோது, அந்த அடி சொந்தக் குடும்பத்தின் நிறுவனத்தின் மேலும் விழுந்தது. விற்கச் சரக்கில்லாத நிலையில் அடுத்த தலைமுறை இங்கேயே பொருள் செய்யும் வேலையில் இறங்கியது. நம் அடுக்களைகளில் விசிலடிக்கும் பிரெஸ்டீஜ் குக்கர் அந்த நெருக்கடியின் பிள்ளை.

இதை ஒரு காரணத்துக்காகவே இங்கே எழுதுகிறேன். டி.டி.கே.யைப் பிடிவாதக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. ரூபாயின் விலையைக் காக்க இறக்குமதியை அடைப்பதா, விலையைக் குறைத்துவிட்டுக் கதவைத் திறப்பதா என்ற கேள்விக்கு, தன் வீட்டு வருமானம் போனபோதும் முதல் வழியையே பிடித்துக்கொண்டவர் அவர். அவருடைய முடிவு தவறு என்று வாதிடலாம். சுயலாபத்துக்காக எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்து வாதமும் லேசானதல்ல. நாம் விற்பது தேயிலையும் சணலும். விலையைக் குறைத்தால் உலகம் கூடுதலாக எவ்வளவு தேநீர் குடித்துவிடும்? நாம் வாங்குவது இயந்திரமும் உரமும் கோதுமையும். விலை ஏறினாலும் வாங்கித்தானே ஆக வேண்டும்? ஆகவே மதிப்பைக் குறைத்தால் வருவது கூடாது, கொடுப்பதுதான் கூடும்.

*

காகிதத்தில் ஒளிந்த விலை

எதிர்வாதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1964இல் உலக வங்கி பெர்னார்ட் பெல் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. இந்தியப் பொருளாதாரத்தை மூலைமுடுக்கெல்லாம் ஆராய்ந்த அந்தக் குழு, ரூபாயின் மதிப்பைக் குறைக்கத்தான் வேண்டும் என்றது.

டி.டி.கே. மறுத்தார். ஆனால் 1965இல் அவரே செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால், 4.76 உள்ளுக்குள் எவ்வளவு உளுத்துப்போயிருந்தது என்பது தெரியும். பிப்ரவரியில் இறக்குமதி மீது 10 சதவீதக் கூடுதல் வரி. ஆகஸ்டில் துணை பட்ஜெட். ஏற்றுமதியாளருக்கு வரிச் சலுகை. அதற்கு முன்பே, ஏற்றுமதி செய்பவர்களுக்கு இறக்குமதி உரிமம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அந்த உரிமத்தை வெளியில் நல்ல விலைக்கு விற்கலாம்.

அக்டோபரில் வந்ததுதான் எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுக் காட்டியது. பாகிஸ்தானோடு போர் முடிந்திருந்த நேரம். தேசியப் பாதுகாப்புப் பணவரவுத் திட்டம் என்று அதற்குப் பெயர். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால், அந்தத் தொகையில் 60 சதவீதத்துக்கு இறக்குமதி உரிமம் கிடைக்கும்.

பினாங்கில் கடை வைத்திருக்கும் ஒருவர் தியாகராய நகரில் இருக்கும் தம்பிக்கு 100 அமெரிக்க டாலர் மதிப்புக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் தம்பிக்குக் கிடைப்பது 476 ரூபாய். கூடவே 60 டாலருக்குச் சரக்குத் தருவித்துக்கொள்ளும் உரிமை. தம்பிக்குச் சரக்கு எதற்கு? உரிமத்தை ஒரு வியாபாரியிடம் கொடுக்கிறார். வியாபாரி அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கிறார். வங்கி கொடுத்ததையும் வியாபாரி கொடுத்ததையும் கூட்டினால்தான் அந்த 100 டாலரின் உண்மையான விலை தெரியும். அது நிச்சயம் 476 அல்ல.

ஆக, 4.76 போதாது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. விலைப் பலகையைத் தொடாமல் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் சேர்த்துக் கொடுத்தது, அவ்வளவுதான். அந்தக் காகிதம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை டெல்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி தீர்மானிப்பார். பஸ்லுல்லா சாலை வீட்டிலிருந்து ராஜாஜி பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி என்று ஓயாமல் சாடினாரே, அந்த ஆட்சி வேர்விட்ட இடங்களில் இது முக்கியமானது. ஒரு விலையை மாற்றாமல் காப்பதற்கு ஆயிரம் உரிமங்கள் வேண்டியிருந்தன.

*

அடுத்தடுத்த இரண்டு நாட்கள்

1965 டிசம்பர் 30. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற நிறுவனம் பதிவாயிற்று. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்டுவதற்காக இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. பங்கு 74, 13, 13. ஆண்டுக்கு 25 லட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலை. கச்சா எண்ணெய் ஈரானிலிருந்து வரும். அதன் விலை டாலரில். அடிப்படை ஒப்பந்தம் கையெழுத்தானது நவம்பரில். அன்று டாலர் 4.76.

1965 டிசம்பர் 31. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மகன்களின் நிறுவனங்களைப் பற்றி எழுந்த புகார்களை நீதித்துறையைச் சேர்ந்த ஒருவர் பார்க்கட்டும் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நினைத்தார். தன்மீது பிரதமருக்கு நம்பிக்கை இல்லை என்று டி.டி.கே. எடுத்துக்கொண்டார்.

விலகலுக்கும் ரூபாய்க்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அமைச்சரவையில் 4.76க்குக் காவலாக நின்ற கனமான ஆள் அன்றோடு வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்தவர் கல்கத்தா வழக்கறிஞர் சச்சீந்திர சௌத்ரி. அரசியலில் அவருக்கென்று ஓர் அணி கிடையாது.

பதினோரு நாள் கழித்து தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தார். ஜனவரி 24இல் இந்திரா காந்தி பிரதமர் ஆனார். காங்கிரஸ் தலைவர் காமராஜர் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

*

மூன்று தமிழர்கள்

புதிய பிரதமரின் மேஜையில் இருந்த கணக்கு பயங்கரமானது. 1965-66இல் நாடு இறக்குமதி செய்தது 1,409 கோடி ரூபாய்க்கு. ஏற்றுமதி செய்தது 810 கோடிக்கு. கையில் இருந்த செலாவணி இருப்பு 298 கோடி. இறக்குமதிக்கு மூன்று மாதம்கூடத் தாங்காது. போரைக் காரணம் காட்டி அமெரிக்கா உதவியை நிறுத்தி வைத்திருந்தது. மழையும் பொய்த்துவிட்டது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டு அது.

மார்ச் கடைசியில் இந்திரா வாஷிங்டன் போனார். ஏப்ரல், மே மாதங்களில் திட்ட அமைச்சர் அசோக் மேத்தா போய் உலக வங்கியோடு பேசினார். ஆண்டுக்கு 90 கோடி டாலர் உதவி என்பது பேச்சு. ரூபாயின் விலை அதற்குள்ளே இருந்தது.

இந்த இடத்தில் மூன்று தமிழர்கள் வருகிறார்கள்.

ஒருவர் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை தருவிக்கப் போராடிக்கொண்டிருந்தவர். விதைக்கும் உரத்துக்கும் செலாவணி வேண்டும் என்பது அவருக்குத் தினப்படி வலி. மதிப்புக் குறைப்பை ஆதரித்தார்.

இன்னொருவர் நிதித்துறைச் செயலர் எஸ். பூதலிங்கம், ஐ.சி.எஸ். தமிழ் வாசகர்களுக்கு அவரை வேறு வழியிலும் தெரியும். 'வாசவேச்வரம்' எழுதிய கிருத்திகாவின் கணவர். அந்த நாவல் வெளிவந்ததும் இதே 1966இல்தான். அவர்களுடைய மருமகன் எம்.எஸ். சுவாமிநாதன், சுப்பிரமணியம் தருவித்த விதையை வயலுக்குக் கொண்டுபோன விஞ்ஞானி. ரூபாய், இலக்கியம், கோதுமை மூன்றும் ஒரே குடும்பத்தில் கூடிய ஆண்டு.

மூன்றாமவர் காமராஜர். முடிவெடுக்கும்போது அவரை யாரும் கலந்துகொள்ளவில்லை. அடுத்த பிப்ரவரியில் தேர்தல். விலைவாசி ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. திருமலைப் பிள்ளை சாலை வாடகை வீட்டில் குடியிருந்த அந்த மனிதருக்குப் பொருளாதார ஆலோசகர்கள் சொல்வது புரியாமல் இல்லை. ஓட்டுக் கேட்கப் போகிறவன் மதிப்புக் குறைப்பு என்ற சொல்லைச் சுமந்துகொண்டு எப்படிப் போவான் என்பதுதான் அவருடைய கேள்வி. விஷயம் தெரிந்ததும் கடுமையாக எதிர்த்தார்.

அப்போது காலம் கடந்துவிட்டது.

*

ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை

நிலையான விகிதத்தில் ஒரு கொடுமை உண்டு. அதை மாற்றப் போகிறோம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவே முடியாது. சொன்னால் அன்றைக்கே எல்லாரும் டாலரை வாங்கிப் பதுக்குவார்கள். ஏற்றுமதியாளர் வரவேண்டிய பணத்தை வெளிநாட்டிலேயே நிறுத்துவார். ஆகவே கடைசி நிமிடம் வரை மாற்றமில்லை என்ற முகத்தோடுதான் அரசாங்கம் நிற்க வேண்டும். அந்த முகத்தை நம்பியவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள். சந்தேகப்பட்டவர்கள் தப்பிக்கிறார்கள்.

வங்கிகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அமைச்சரவை கூடியது. வணிக அமைச்சர் மனுபாய் ஷா எதிர்த்தார். முடிவு நின்றது. அன்றிரவு சௌத்ரி அறிவித்தார்: ஜூன் 6 அதிகாலை 2 மணி முதல் புதிய விகிதம்.

சட்டத்தின் கண்ணில் ரூபாய் என்பது 0.186621 கிராம் தங்கம். விடிந்தபோது அது 0.118489 கிராம்.

டாலர் 7 ரூபாய் 50 காசு. பவுண்டு 21 ரூபாய்.

ரூபாயின் மதிப்பு 36.5 சதவீதம் குறைந்தது என்று எழுதினார்கள். அது ரூபாயைப் பிடித்திருந்தவரின் கணக்கு. டாலர் வாங்க வேண்டியவரின் கணக்கு வேறு: நேற்றுக் கொடுத்ததைவிட 57.5 சதவீதம் கூடுதல்.

*

திங்கட்கிழமை காலை

மயிலாப்பூரில் ஒரு அப்பா. பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முந்தைய அக்டோபரில்தான் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றி ஆசியர்களுக்கு வாசலைத் திறந்திருந்தது. வருடத்துக்கு 2,500 டாலர் ஆகும் என்றால், சனிக்கிழமை அவர் மனத்தில் இருந்த தொகை 11,900 ரூபாய். திங்கட்கிழமை 18,750. இடையே அவர் செய்த தவறு ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்தது, அவ்வளவே.

அதே தெருவில் பினாங்கிலிருந்து பணம் வரும் வீடு ஒன்று இருந்திருக்கும். மலேசிய டாலர் ஏறக்குறைய 1 ரூபாய் 56 காசிலிருந்து 2 ரூபாய் 45 காசுக்கு ஏறியது. உரிமக் காகிதம் கொடுக்கும் பழைய திட்டம் மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இனிக் காகிதம் வேண்டாம், விலையே பேசும்.

இலங்கைக் கணக்கு இன்னும் விசித்திரம். அதுவரை இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சமம். கொழும்பு நம்மோடு சேர்ந்து குறைக்கவில்லை. ஆகவே இலங்கையின் 100 ரூபாய் ஒரே இரவில் நம்முடைய 157 ரூபாய் 50 காசு ஆனது. வெங்காயமும் மிளகாயும் கைத்தறியும் அனுப்பிக்கொண்டிருந்த தமிழ்நாட்டு வியாபாரி, விலையை எந்த ரூபாயில் எழுதியிருந்தார் என்பதுதான் இப்போது அவருடைய லாப நஷ்டத்தைத் தீர்மானித்தது. இலங்கை ரூபாய் என்று எழுதியவருக்கு யோகம். இந்திய ரூபாய் என்று எழுதியவருக்கு எப்போதும்போல். மலிவாக வாங்கிய லாபம் கொழும்புக்காரருக்கு. இரண்டும் சமமாக இருந்தவரை, பில்லில் எந்த ரூபாய் என்று யோசிக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

வளைகுடாவில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். கத்தாரிலும் துபாயிலும் அன்றுவரை புழங்கியது நம் ரிசர்வ் வங்கி 1959 முதல் தனியாக அச்சிட்டுக் கொடுத்த வளைகுடா ரூபாய். பாலைவனத்து வியாபாரி எந்தப் பாவமும் அறியாதவர். டெல்லியின் முடிவு அவர் பெட்டியிலிருந்த காசையும் குறைத்தது. அந்த நாடுகள் பொறுக்கவில்லை. தற்காலிகமாகச் சவூதி ரியாலுக்குப் போய், பிறகு சொந்த நாணயம் போட்டுக்கொண்டன. அரபிக் கடலுக்கு அப்பால் ரூபாய் ஆண்ட காலம் ஏறத்தாழ அத்தோடு முடிந்தது. ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது.

*

‘ரூபாயில்தானே கடன்’

எனக்கு இந்த முழுக் கதையிலும் மிக முக்கியமாகப் படுவது ரஷ்யக் கடன்தான்.

நந்தம்பாக்கத்தில் அறுவைச் சிகிச்சைக் கருவித் தொழிற்சாலை, நெய்வேலியில் அனல் மின் நிலையம் எல்லாம் சோவியத் உதவியோடு எழுந்தவை. அந்தக் கடன்களில் பெரிய வசதி ஒன்று இருந்தது. டாலர் வேண்டாம், பவுண்டு வேண்டாம். ரூபாயிலேயே திருப்பிக் கட்டலாம். அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் நம்மிடமே தேயிலை, தோல், முந்திரி வாங்கிக்கொள்வார்கள். ரூபாயில் வாங்கி ரூபாயில் கட்டும் கடனில் செலாவணி ஆபத்து எங்கிருந்து வரும்?

ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. ரூபாயின் தங்க மதிப்பு மாறினால், பாக்கித் தொகையும் அதற்கேற்ப மாறும்.

0.186621 கிராம் 0.118489 ஆனபோது அந்த ஷரத்து கண் விழித்தது. கட்டவேண்டிய பாக்கி 57.5 சதவீதம் ஏறியது. பெயருக்கு ரூபாய்க் கடன்; உள்ளே இருந்தது தங்கக் கடன்.

மணலிக்கும் இதே விதி. ஒவ்வொரு பத்து லட்சம் டாலர் செலவுக்கும் 47.6 லட்ச ரூபாய் என்று போட்ட கணக்கு 75 லட்சமாக மாறியது. இங்கே கூடுதல் சிக்கல் ஒன்று. விகிதத்தை மாற்றியது இந்திய அரசு. ஆலையில் 74 சதவீதப் பங்குக்காரரும் அதே இந்திய அரசு. ஒரு கையால் எழுதிய உத்தரவின் செலவை மறு கையால் ஏற்க வேண்டியிருந்தது. ஆலை நின்றுவிடவில்லை. 27 மாதத்தில் கட்டி முடித்து 1969இல் ஓட விட்டார்கள். மொத்தச் செலவு 43 கோடி. பெயர் மாறிய அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இன்று தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது.

குறுகிய காலப் பில்லுக்கு வங்கியில் முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொள்ளும் வழி இருந்தது. பத்து, பதினைந்து வருடக் கடனுக்கு அப்படி யார் காப்பு கொடுப்பார்கள்? காப்பு வேண்டும் என்று கேட்கவே பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. விகிதந்தான் மாறாதே! தினமும் சிறிது சிறிதாக ஏறி இறங்கும் விலையாக இருந்திருந்தால் அவர்கள் எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள். மாறாத விலை அவர்களுடைய எச்சரிக்கையை மழுங்கடித்தது. ஆபத்து எங்கும் போய்விடவில்லை; 39 வருடத்து ஆபத்தும் சேர்ந்து ஒரே அதிகாலை 2 மணிக்காகக் காத்திருந்தது.

*

விளையாத பயிர்

ஏற்றுமதியாளர்களுக்காவது கொண்டாட்டமா? அதுவும் பாதிதான். மதிப்புக் குறைப்போடு சேர்த்து இறக்குமதி உரிமச் சலுகையை அரசு எடுத்துவிட்டது. அதிக விலை கொடுத்து உரிமம் வாங்கி வைத்திருந்தவர் கையில் காகிதம் மட்டும் மிஞ்சியது. தேயிலை, சணல் போன்றவற்றுக்குப் புதிதாக ஏற்றுமதி வரி போட்டார்கள். நீலகிரித் தோட்டக்காரருக்கு டாலர் கொடுத்த கூடுதல் ரூபாயில் ஒரு பங்கு கஜானாவுக்குப் போயிற்று.

பிறகு வானம் இரண்டாம் முறையாகக் கைவிட்டது. 1966லும் மழை இல்லை, பீகாரில் பஞ்சம். பருத்தி, சணல், எண்ணெய் வித்து எல்லாம் குறைந்தன. விளையாததை எந்த விலைக்கு ஏற்றுமதி செய்வது? 1966-67 ஏற்றுமதி ரூபாய்க் கணக்கில் 1,157 கோடி. ஏறியதுபோல் தெரியும். டாலருக்கு மாற்றிப் பாருங்கள்: முந்தைய ஆண்டைவிடக் குறைவு. இறக்குமதியோ 2,078 கோடி. சொன்ன உதவி முதல் ஆண்டு பெரும்பாலும் வந்தது, பிறகு மெலிந்தது.

மதிப்புக் குறைப்பு தோற்றது என்ற முடிவுக்கு நாடு அப்போதே வந்துவிட்டது. என் கருத்தில் அது அவசரத் தீர்ப்பு. பஞ்சத்தின் நடுவே கொடுத்த மருந்துக்குப் பலன் இல்லை என்று சொல்லப் பஞ்சத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஆனால் ரேஷன் கடையில் அரிசிக்காகக் கால் கடுக்க நின்றவரிடம் அந்தக் கழித்தலைக் கேட்க முடியாது.

1967 பிப்ரவரி. அரிசியும் இந்தியும் தேர்தலை ஆண்டன. ரூபாய்க்கு மூன்று படி என்றார் அண்ணா. டி.டி.கே. ஒரு காலத்தில் வென்ற தென்சென்னையில் மக்களவைக்கு அண்ணாவே வென்றார். மதிப்புக் குறைப்பை ஆதரித்த சி. சுப்பிரமணியம் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். எதிர்த்த காமராஜர் விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்றார்.

*

அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை. 1967 நவம்பர் 18, சனிக்கிழமை. இந்த முறை செய்தி லண்டனிலிருந்து வந்தது. பவுண்டே விழுந்துவிட்டது: 2.80 டாலரிலிருந்து 2.40க்கு.

பெரியமேட்டுத் தோல் வணிகர்கள் பதனிட்ட தோலைத் தலைமுறை தலைமுறையாக லண்டனுக்கு விற்றவர்கள். பில் பவுண்டில். 21 ரூபாய் என்று புதுக் கணக்குப் பழகி பதினேழு மாதம்தான் ஆகிறது. ரூபாயும் பவுண்டோடு சேர்ந்து விழுந்தால் அவர்களுடைய 21 பிழைக்கும். 7.50ஐப் பிடித்துக்கொண்டு டெல்லி அசையாமல் நின்றால், கப்பலில் போய்க்கொண்டிருக்கும் ஒவ்வொரு பொதியிலும் பவுண்டுக்கு 3 ரூபாய் போயிற்று.

கொழும்பு தன் ரூபாயையும் குறைத்துவிட்டது. 1927 முதல் பவுண்டு போன திசையெல்லாம் போய்ப் பழகிய நம் ரூபாய், ஒரு முறை குறைத்ததற்கே இவ்வளவு விலை கொடுத்த ஓர் அரசின் கையில் இருக்கிறது. நிதியமைச்சர் இப்போது மொரார்ஜி தேசாய். அவர் எந்தப் பக்கம் சாய்வார்?

(அடுத்த வாரம் தொடரும்)